வடலூர் அடுப்பும் பரமார்த்த குருவின் பட்டியலும்

தமிழ் உரைநடை நூல்களுள் ‘ஒழுக்கம்’ என்னும் சொல்லைத் தலைப்பிலேயே தாங்கியவை இரண்டு உண்டு. ஒன்று, வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’. மற்றொன்று, வடலூர் இராமலிங்க அடிகளார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிய ‘சீவகாருணிய ஒழுக்கம்’. முன்னது கத்தோலிக்க உபதேசியார்களுக்காக ஓர் இயேசு சபைத் துறவி எழுதியது. பின்னது பசித்தவர்க்குச் சோறிடும் சாலையொன்றை நிறுவிய சன்மார்க்கத் துறவி எழுதியது. இருவருமே பழைய தென்னார்க்காட்டு மண்ணோடு உறவுடையவர்கள். விருத்தாசலத்தை அடுத்த கோணாங்குப்பத்தில் பெரியநாயகி அன்னையின் திருத்தலத்தை நாம் வீரமாமுனிவரின் பெயரோடு சேர்த்தே நினைக்கிறோம். அங்கிருந்து கடலூர்ச் சாலையில் கிழக்கு நோக்கி வந்தால் வடலூர். அதன் பக்கத்திலேயே நெய்வேலியின் நிலக்கரிச் சுரங்கங்கள்.

இவ்விரு நூல்களையும் பங்குத்தளப் பணியின் கண்கொண்டு படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறோம். அது வீரமாமுனிவரின் பெயரால் வழங்கும் ‘பரமார்த்த குரு கதை’. சிறுவர் சிரித்து மகிழும் அக்கதைக்கு அன்பியப் பொறுப்பாளர்களும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் பங்குப் பேரவை உறுப்பினர்களும் அமர்ந்து படிக்கும் கட்டுரையில் என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். வேலை இருக்கிறது. பங்குப் பணியில் நாம் இடறி விழும் இடங்கள் பெரும்பாலும் அக்கதையில் உள்ளன.

முதலில் ‘வேதியர் ஒழுக்க’த்தின் பின்புலத்தை நோக்குவோம். பழைய மதுரை மறைபரப்புத் தளத்தில் குருக்கள் மிகச் சிலர். ஊர்களோ மிகப் பல. ஒரு குரு ஓர் ஊருக்கு மறுபடி வந்து சேரப் பல மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் செபம் சொல்லுவித்தவரும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டியவரும், சாகக் கிடந்த குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தவரும், இறந்தவரை அடக்கம் செய்தவரும், வழக்குகளைத் தீர்த்துவைத்தவரும் வேதியரே. பொதுநிலையினர் தலைமை என்று இன்று நாம் பேசுவது நம் மண்ணுக்குப் புதிய சரக்கன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பரில் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய விதித்தொகுப்பை வெளியிடுவதற்கு ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, நம் மொழியில் அப்பணியாளருக்கென ஒரு முழு நூல் எழுதப்பட்டுவிட்டது.

அந்நூலின் பெயரே ஒரு திறனாய்வாக அமைகிறது. ‘வேதியர் கடமைகள்’ என்றோ ‘வேதியர் வழிகாட்டி’ என்றோ முனிவர் பெயர் வைக்கவில்லை; ‘ஒழுக்கம்’ என்றார். வேதியர் செய்ய வேண்டியதைவிட, வேதியர் எத்தகையவராக இருக்க வேண்டும் என்பதே முதன்மை என்பது அப்பெயரில் அடங்கிய கருத்து. இன்று நம் மறைமாவட்டங்கள்தோறும் அச்சிடப்படும் பணிக்குழுக் கையேடுகளை எடுத்துப் பாருங்கள். கூட்டத்தை எப்படித் தொடங்குவது, அறிக்கையை எந்தப் படிவத்தில் அனுப்புவது, ஆண்டறிக்கைக்கு நிழற்படம் எத்தனை என்பன விரிவாக இருக்கும். ‘தலைவர் தாழ்ச்சியுள்ளவராயிருத்தல் வேண்டும்’ என்று ஒரு வரியும் இருக்கும். அந்தத் தாழ்ச்சியை ஒரு செவ்வாய்க்கிழமை மாலைக் கூட்டத்தில் எப்படிக் கைக்கொள்வது என்பது மட்டும் இராது. படிவத்தைக் கற்பிக்கும் கையேடு ஒழுக்கத்தைக் கற்பிப்பதில்லை. இதுவே அவற்றின் முதற்குறை.

ஆனால் ஒழுக்கம் என்பதை உயர்ந்த நடையில் எழுதிய அதே கை, அதன் தலைகீழ்த் தோற்றத்தைப் பேச்சுநடையில் வரைந்தும் காட்டியது. ‘பரமார்த்த குரு கதை’ தமிழ் கற்க விரும்பிய அயல்நாட்டார்க்குப் பயிற்சிப் பாடமாக எழுதப்பட்டது என்பர். 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் அதனை மொழிபெயர்ப்புடன் இலண்டனில் பதிப்பித்தார். ஊரில் வழங்கிய செவிவழிக் கதைகளை முனிவர் தொகுத்தார் என்பாரும் உளர். பிற சமயத்து மடங்களை எள்ளி நகையாடவே எழுதினார் என்பாரும் உளர். அவ்வாறு கொண்டால் அக்கதையால் நமக்கு யாதொரு பயனும் இல்லை. அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவோம். ‘வேதியர் ஒழுக்க’த்தை எழுதியவர் இதையும் எழுதினார் என்று நினைவில் வைத்துப் படிக்கும்போதுதான், சிரிப்பு நம் பக்கம் திரும்புகிறது.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரும் குருவும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியதும் எல்லாரும் வந்தோமா என்று ஒருவன் எண்ணுகிறான். ஐவர்தாம் இருக்கின்றனர்! மறுபடி எண்ணினாலும் ஐவரே. ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று அழுது புலம்புகின்றனர். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான் என்பதை வழிப்போக்கன் ஒருவன் வந்து காட்ட வேண்டியதாயிற்று.

நம் கூட்டங்களில் நாள்தோறும் நிகழ்வது இதுவன்றோ? ‘மக்களிடம் ஆர்வமில்லை, இளைஞர் வருவதில்லை, பெண்கள் மட்டும்தான் வருகிறார்கள், ஆண்கள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடுகிறார்கள்’ என்று பொறுப்பாளர் குறை எண்ணிக்கொண்டே போகிறார். தம்மை எண்ணுவதில்லை. ஏழு மணிக்கென்று அறிவித்த கூட்டத்தைத் தாம் ஏழே முக்காலுக்குத் தொடங்கியதை, மூன்று கூட்டங்களாக ஒரே ஆளைப் பேசவிட்டதை, போன ஆண்டு ஒரு பெண்மணி சொன்ன யோசனையை எல்லார் முன்னிலையிலும் சிரித்து ஒதுக்கியதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. எனவே நல்ல தலைமையின் முதற்பாடம் இது: எண்ணும்போது உம்மிலிருந்து தொடங்கும். ஆண்டுக்கொரு முறையேனும், பணிக்குழுவுக்கு வெளியே உள்ள ஒருவரை அழைத்து, ‘எங்கள் கூட்டத்தில் நீங்கள் கண்ட குறை யாது?’ என்று கேட்டு, விடை கூறாமல் எழுதிக்கொள்ளுங்கள். கதையில் வந்த வழிப்போக்கனைப் போல ஒருவர் ஒவ்வொரு பங்குக்கும் தேவை.

அடுத்து, குதிரைக் கதை. குரு நடந்து களைக்கிறார். குதிரை வாங்க வேண்டும். விலையோ மிகுதி. குதிரை முட்டை என்று ஒருவன் விற்ற பூசணிக்காயை நம்பி வாங்கி வருகிறார்கள் சீடர்கள். அது வழியில் விழுந்து உடைய, புதரிலிருந்து ஓடிய முயலைக் குதிரைக் குட்டி என்று துரத்துகிறார்கள். இந்த முட்டைக்கு நம் பங்குகளில் பல வடிவங்கள் உண்டு. பணி தொடங்குமுன் பதாகை அடிப்பது ஒரு முட்டை. நோயாளரைச் சந்திக்கும் குழு அமைப்பதற்கு முன்னரே அக்குழுவுக்குச் சீருடை தைப்பது இன்னொன்று. பத்துப் பேர் கூடிச் செபிக்காத தெருவில் பத்து இலட்சத்துக்குக் கெபி எழுப்புவது பெரிய முட்டை.

இங்கேதான் வடலூர் நமக்குப் பாடம் புகட்டுகிறது. வடலூரில் இன்று எண்கோண வடிவிலான சத்திய ஞான சபையைக் காணத் தைப்பூசத்தன்று பெருங்கூட்டம் கூடுகிறது. ஏழு திரைகள் விலக்கிச் சோதி காட்டப்படும் அச்சபை தொடங்கப்பட்டது 1872 சனவரி 25 அன்று. ஆனால் தருமச்சாலையில் அடுப்பு மூட்டப்பட்டதோ 1867 மே 23 அன்று. ஊரார் மனமுவந்து அளித்த நிலத்தில் முதலில் எழுந்தது அடுப்பு. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கழித்தே ஆலயம். ஐந்தாண்டுக் காலம் பசித்தவர் உண்டபின் கட்டிய கட்டடம் அது. இந்த வரிசைமுறையை நம் பங்குப் பேரவைகள் தம் கூட்ட அறைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். எந்தப் பணியையும் சிறிய அளவில், இருக்கும் பொருளைக்கொண்டு, இன்றே தொடங்குக. அது ஓராண்டு நின்று நிலைத்தபின் அதற்கென்று கட்டடமோ வங்கிக் கணக்கோ வேண்டுமா என்று எண்ணிப் பார்க்க.

வின்சென்ட் தே பவுல் சபையின் தொடக்கமும் இதுவே. 1833-இல் பாரீசில் பிரெடரிக் ஓசானாம் என்னும் இருபது வயது மாணவரும் அவர்தம் தோழர்களும் ஒன்றுகூடியபோது அவர்களுக்குக் கட்டடம் இல்லை, நிதி இல்லை. தம்மிடம் எஞ்சியிருந்த விறகை ஓர் ஏழையின் வீட்டுக்குச் சுமந்து சென்றதே அவர்களுடைய முதற்செயல் என்பர். ஏழைகளின் வீடுகளுக்கு எப்படிச் செல்வது என்பதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அருட்சகோதரி ரோசலி ரெண்டு. வடலூரில் அடுப்பு, பாரீசில் விறகு. இரண்டுமே சிறியவை, இரண்டுமே இன்றும் அணையாதவை.

இனி, நாம் மிகவும் அஞ்ச வேண்டிய கதைக்கு வருவோம். கடைசியில் ஒரு கிழக் குதிரை கிடைத்துவிடுகிறது. குரு ஏறிச் செல்கிறார். தலைப்பாகை மரக்கிளையில் சிக்கிக் கீழே விழுகிறது. சீடர் எடுத்திருப்பர் என்று குரு நம்பியிருக்க, எடுக்கச் சொல்லி உத்தரவில்லையே என்று அவர்கள் கைவீசி நடக்கின்றனர். விழுவதையெல்லாம் எடுக்கவேண்டும் என்று குரு கடிந்துகொள்ள, அடுத்துக் குதிரையின் சாணத்தையே தலைப்பாகையில் ஏந்திக் கொண்டுவந்து கொடுக்கின்றனர். எதை எடுக்கவேண்டும், எதை எடுக்கக்கூடாது என்று ஓலையில் எழுதித் தரும்படி அவர்கள் கேட்க, குருவும் எழுதித் தருகிறார். பின்பு குதிரை இடறி, குருவே ஒரு குழியில் விழுந்துவிடுகிறார். சீடர்கள் ஓலையைப் படித்துப் பார்த்துத் தலைப்பாகை, வேட்டி, மேலாடை என வரிசையாக எடுக்கின்றனர். குருவை மட்டும் எடுக்கவில்லை. காரணம், அவர் பட்டியலில் இல்லை. குழிக்குள் கிடந்தபடியே அவர் தம் பெயரை எழுதிச் சேர்த்த பின்புதான் தூக்குகின்றனர்.

தமிழில் நிருவாகத்தைப் பற்றி எழுதப்பட்ட அங்கதங்களுள் இதற்கு நிகரானது இல்லை என்றே கருதுகிறோம். சீடர்கள் தீயவர்கள் அல்லர், சோம்பேறிகளும் அல்லர், கீழ்ப்படிதலுள்ளவர்கள். ஒரு விதியும் மீறப்படவில்லை. ஒரு பொருளும் தொலையவில்லை. மனிதர் மட்டும் குழியில் கிடக்கிறார்.

இதனை எழுதும்போது நம் நெஞ்சு நம்மைச் சுடுகிறது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் கடலூர்க் கரையைத் தாக்கியது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, வடலூர் வட்டாரங்களில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன; கூரை வீடுகள் பறந்தன. அப்போது நிவாரணப் பொருள் பகிர்ந்த குழுக்களுள் ஒன்றில் நாமும் இருந்தோம். குடும்ப அட்டையின் நகல், அன்பியப் பொறுப்பாளரின் கையொப்பம், பங்குச் சந்தா கட்டிய சீட்டு ஆகியவற்றைச் சரிபார்த்து ஒழுங்காகப் பட்டியல் தயாரித்தோம். முந்திரிக் காட்டில் கூலிக்குக் கொட்டை பொறுக்கிப் பிழைத்த ஒரு மூதாட்டி வரிசையில் வந்து நின்றார். அவர் பெயர் வெளியூரில் இருந்த மகனின் அட்டையில் இருந்தது. ‘உங்க பேரு இதுல இல்லியேம்மா, அடுத்த வாரம் பார்ப்போம்’ என்றோம். ‘பேரு எழுதாட்டி என்னய்யா, வீடு விழுந்தது விழுந்ததுதானே’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த வாரம் நாம் போய்ப் பார்த்தபோது அவர் அவ்வூரில் இல்லை. அந்தப் பட்டியலை எழுதியது நம் கை. அதில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

தொடக்கத் திருச்சபைக்கும் இந்தச் சிக்கல் வந்தது என்பதைத் திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் மறைக்காமல் கூறுகிறது. எருசலேமில் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப் போனார்கள், முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? முணுமுணுத்தவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. எழுவரைத் தேர்ந்துகொள்ளும்படி மக்களிடமே விட்டார்கள். தேர்ந்துகொள்ளப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பது நோக்கற்பாலது. எவர் விடுபட்டார்களோ அவர்கள் தரப்பினரின் கையிலேயே அகப்பை கொடுக்கப்பட்டது. ஒரு தெருவிலிருந்து முறையீடு வந்தால் அத்தெருவிலிருந்தே ஒருவரைப் பொறுப்பில் அமர்த்துக என்பது இதிலிருந்து நாம் பெறும் நடைமுறைப் பாடம்.

இது சொல்லுக்கு எளிது. நம் சூழலில் செயலுக்கு அரிது. ‘சீவகாருணிய ஒழுக்கம்’ பசியை எவ்வாறு அணுகுகிறது என்று பாருங்கள். பசித்தவரிடம் ஊரையும் சாதியையும் சமயத்தையும் நடத்தையையும் விசாரியாமல் பசியை ஒன்றையே கண்டு நீக்க வேண்டும் என்பது அந்நூலின் அடிநாதம். பசி ஓர் உடலுக்குள் புகுந்து அறிவையும் கண்ணையும் செவியையும் மனத்தையும் எவ்வாறு ஒவ்வொன்றாகத் தளரச் செய்கிறது என்பதை மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் அடிகளார் விளக்குகிறார். அறிவுரை நூல்களில் வழக்கமாகக் காணும் மேம்போக்கான இரக்கம் அதில் இல்லை. பசித்தவரின் உடலுக்குள் நின்றுகொண்டு எழுதிய உரைநடை அது. நம் கையேடுகளில் இல்லாதது இந்த நெருக்கம்தான்.

அதைப் படித்துவிட்டு நம் வீட்டைத் திரும்பிப் பார்க்கும்போது தலைகுனிய வேண்டியிருக்கிறது. நம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சு மாதம் கத்தோலிக்கருக்கிடையே சாதியின் பெயரால் மோதல் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒரே நற்கருணையை உண்டவர்கள்தாம் எதிரெதிரே நின்றார்கள். கொரிந்து நகரில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்ண, இல்லாதவர்கள் பசியோடு இருந்ததைக் கேட்டுப் புனித பவுல் கொதித்தெழுந்தார். அது ஆண்டவரின் விருந்தே அன்று என்பது அவர் வாதத்தின் கூர். ஆகவே ஒரு பங்கின் பணிக்குழு நன்றாக நடக்கிறதா என்று அறிய ஆண்டறிக்கையைப் படிக்க வேண்டியதில்லை. திருவிழாக் குழுவிலும் நிதிக்குழுவிலும் வாசகர் பட்டியலிலும் எந்தத் தெருவின் பெயர் ஒருபோதும் வருவதில்லை என்று பார்த்தால் போதும். அந்தத் தெருதான் குழியில் கிடக்கும் குரு.

பட்டியல் கதைக்கு மற்றொரு முகமும் உண்டு. அங்கே விழுந்தவர் தலைவரே அல்லவா? நம் பங்குகளில் பதினைந்து ஆண்டுகளாகக் கோவில் சாவியைச் சுமக்கும் உபதேசியார், இருபது ஆண்டுகளாக மரியாயின் சேனையை நடத்தும் அம்மையார், மூன்று கிளைப் பங்குகளுக்கு ஞாயிறுதோறும் ஓடும் பங்குத்தந்தை ஆகியோர் எவருடைய நலம் விசாரிப்புப் பட்டியலிலும் இருப்பதில்லை. எல்லாருடைய நோயையும் விசாரிப்பவரின் நோயை விசாரிப்பவர் யார்? மோயீசன் விடியலிலிருந்து மாலைவரை தனியாக வழக்குத் தீர்த்ததைக் கண்ட அவருடைய மாமனார் இத்திரோ, இது உமக்கும் நல்லதன்று, மக்களுக்கும் நல்லதன்று என்னும் பொருளில் அறிவுரை கூறி, ஆயிரவர்க்கும் நூற்றுவர்க்கும் ஐம்பதின்மர்க்கும் பதின்மர்க்கும் தலைவரை ஏற்படுத்தச் செய்தார். பதின்மர்க்கு ஒருவர் என்பது ஏறத்தாழ நம் அன்பியக் கணக்கேயாம். இத்திரோ இஸ்ரயேலர் அல்லர். மிதியான் நாட்டுக் குரு. வெளியிலிருந்து வந்த நல்ல யோசனையை மோயீசன் ஏற்றார். வடலூரிடம் நாம் கற்பதற்குத் தயங்க வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சான்று. பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்பதை வத்திக்கான் சங்கமும் 1965 அக்டோபரிலேயே தெளிவாக்கிவிட்டது.

இனி, நிலைத்திருத்தல் பற்றி ஒரு சொல். தருமச்சாலை தொடங்கிய பின் அடிகளார் இம்மண்ணில் இருந்தது ஏழாண்டுகளுக்கும் குறைவே. 1874 சனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அவர் அறைக்குள் சென்று திருக்காப்பிட்டுக் கொண்டார். அடுப்போ ஒன்றரை நூற்றாண்டைக் கடந்து எரிகிறது. நெய்வேலி நகரியத்துப் பங்குகளில் பணியாற்றியவர்கள் இதன் அருமையை உணர்வர். 1956-இல் நிறுவப்பட்ட நிலக்கரி நிறுவனத்தை நம்பி எழுந்த ஊர் அது. வட்டம் வட்டமாகக் குடியிருப்புகள். பணிஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்து சொந்த ஊருக்கோ, வடலூர், இந்திரா நகர்ப் பக்கமோ போய்விட வேண்டும். இருபதாண்டுகள் பாடகர் குழுவை நடத்தியவர் ஒரு மே மாத இறுதியில் லாரியில் சாமான் ஏற்றுகிறார். அவரோடு பாடகர் குழுவும் லாரியில் ஏறிவிடுகிறது. அவர் நல்லவர்தாம். ஆனால் தமக்குப் பின் ஒருவரை அவர் ஆயத்தம் செய்யவில்லை. நாற்காலியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் தலைவர்களையும் நாம் அறிவோம்.

ஞான சபையின் விளக்கைப் பற்றி அடிகளார் வகுத்த முறையொன்று இங்கு சிந்திக்கத்தக்கது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவரோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்ட முதியவரோதாம் உள்ளே சென்று விளக்கைக் கையாள வேண்டும் என்றார். பற்றும் பதவி ஆசையும் இன்னும் தொடாதவர் அல்லது அவற்றைக் கடந்தவர் கையில் ஒளி இருக்கட்டும் என்பது அதன் கருத்தாகலாம். நம் பங்குகளில் சிறுவர்க்குப் பூக்கூடையும் முதியவர்க்கு முன்வரிசை நாற்காலியும் கொடுக்கிறோம், விளக்கைக் கொடுப்பதில்லை.

வடலூரைப் போற்றும்போது அதன் வருத்தத்தையும் மறைத்தலாகாது. தம்மைச் சூழ்ந்தவர்கள் தம் கொள்கையை உள்ளபடி கைக்கொள்ளவில்லை என்னும் மனக்குறை அடிகளாருக்கு இறுதிவரை இருந்தது. கூட்டம் கூடுவதும் கொள்கை கூடுவதும் ஒன்றல்ல என்பதை இராமலிங்கர் கண்டார். நாமும் திருவிழாவுக்கு மறுநாள் காண்கிறோம். மேலும், சோறிடுதல் மட்டுமே பணியின் முடிவாகிவிடாது. 2023 சூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட, வளர்ந்து நின்ற நெற்பயிரின்மீது இயந்திரங்கள் இறங்கின. நிலமிழந்தோர், ஒப்பந்தக் கூலிகள் ஆகியோரின் நியாயத்தைப் பேசாமல் அவர்களுக்கு அரிசி மட்டும் கொடுத்தால், பசி எங்கிருந்து வருகிறது என்று கேளாதவர்கள் ஆவோம். 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்து விடுத்த சுற்றுமடல் முதலாகத் திருச்சபை இக்கேள்வியைக் கேட்டே வருகிறது. அடுப்போடு இக்கேள்வியும் அணையாதிருக்க வேண்டும்.

இவையனைத்தையும் செயலளவில் தொகுத்துரைப்பின் பின்வருவன கிட்டும். கூட்டத்தின் முதற்பொருள் பணக்கணக்காக இராமல் ஆட்கணக்காக இருக்கட்டும்: சென்ற மாதம் எவர் வரவில்லை, எவர் வீட்டில் சாவு, எவர் வீட்டில் வேலை போயிற்று? சந்திப்புக்கு இருவர் இருவராகச் செல்க. ஒருவர் பேச ஒருவர் கேட்கலாம். பொறுப்புக்கு ஆண்டு எல்லை வைத்து, அதனை மீறாதிருக்க. பொறுப்பேற்ற நாளிலேயே, உடன் பழகிக்கொள்ள இருவரைச் சேர்த்துக்கொள்க. அவர்களுள் ஒருவரேனும் வேறு தெருவினராய் இருக்கட்டும். வரவு செலவை மாதந்தோறும் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுக. 1983-இன் திருச்சபைச் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. மேய்ப்புப்பணிப் பேரவைக்கோ ஆலோசனை கூறும் உரிமையை மட்டுமே அளிக்கிறது. ஆலோசனைதானே என்று அதனைக் குறைவாக எண்ணற்க. உள்ளதைச் சொல்லும் ஆலோசகர் நால்வர் இருந்தால் பங்குத்தந்தை தனித்து விழமாட்டார். விழுந்தாலும் தூக்கி நிறுத்த ஆள் இருக்கும்.

வேதியர் ஒழுக்கமும் சீவகாருணிய ஒழுக்கமும் இரு வேறு நம்பிக்கைகளின் நூல்கள். ஒன்றில் இயேசுவின் நற்செய்தி, மற்றொன்றில் அருட்பெருஞ்சோதி. இரண்டையும் ஒன்றாகக் குழைப்பது நம் கருத்தன்று. ஆயினும் பணி என்பது பணியாளரின் வாழ்விலிருந்து தொடங்குகிறது என்பதில் அவை ஒன்றுபடுகின்றன. அவ்வாழ்வு தவறும் இடத்தை அடையாளங்காட்டப் பரமார்த்த குருவின் ஓலை உதவுகிறது.

ஓலையை வேண்டாமென்று எறிந்துவிடவும் முடியாது. பட்டியல் இல்லாமல் நூறு குடும்பங்களுக்கு அரிசி பகிர இயலாது; அதை நாம் அறிவோம். ஆகவே இப்போதெல்லாம் நாம் ஒன்று செய்கிறோம். எந்தப் பட்டியல் எழுதினாலும் கடைசிப் பெயருக்குக் கீழே எண் மட்டும் இட்டு ஒரு வரியை வெற்றிடமாக விடுகிறோம். அதற்குரிய பங்கையும் எடுத்துத் தனியே வைக்கிறோம். வரிசை முடிந்த பிறகு அந்த வெற்று வரிக்குரியவரைத் தேடிக்கொண்டு இருவர் தெருவுக்குள் போகிறார்கள். இதுவரை ஒரு முறைகூட அந்தப் பங்கு மீந்து திரும்பி வந்ததில்லை.